தவறிய நாளுக்கு என்ன விதி? ஐந்து வகைச் சவால்கள், ஓர் ஒப்பீடு

இரவு 11.10 மணி, நவம்பர் மழை. மொட்டை மாடியில் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தேன். வெளியில் 45 நிமிடம் நடக்க வேண்டும் என்பது விதி. 13 நிமிடம்தான் ஆகியிருந்தது. குடையோடு மேலே வந்த மனைவி மாடிக் கதவருகே நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். "யாருக்காக இதெல்லாம்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் இறங்கிப் போய்விட்டாள்.

அது எங்கள் நண்பர்கள் வாட்ஸாப் குழு தானாகவே வகுத்துக்கொண்ட 60 நாள் சவால். இணையத்தில் பிரபலமான கடும் சவால்களைப் பார்த்து அச்சு எடுத்தது. அன்றைக்கு 22ஆம் நாள். மறுநாள் எனக்குக் காய்ச்சல். விதிப்படி முதல் நாளுக்குத் திரும்ப வேண்டும். நான் திரும்பவில்லை. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அடுத்த ஆறு மாதம் தெருமுனை வரைகூட நடக்கவில்லை. பால் வாங்கவும் ஸ்கூட்டர்தான்.

இதை இப்போது சொல்வதற்குக் காரணம், வாசகர் ஒருவர் எழுதியிருந்த கடிதம். வயது 36. அவருடைய ஆபீஸில் ஏழு பேர் ஜனவரி 1 முதல் 75 ஹார்ட் என்ற 75 நாள் கடும் சவாலைத் தொடங்குகிறார்களாம், இவரையும் கூப்பிடுகிறார்கள். தங்கை, ஓட்டப் பயிற்சி ஆப் ஒன்று போதும் என்கிறாள். அப்பா, "வர்ற கார்த்திகைக்கு மாலை போடு, எல்லாம் சரியாயிடும்" என்கிறார். மனைவி ஏதாவது வகுப்பில் சேரச் சொல்கிறார். "போன மூன்று வருஷமும் ஜனவரி முடிவதற்குள் விட்டுவிட்டேன். எதைத் தேர்ந்தெடுப்பது? இந்த முறையும் தோற்றால் ஆபீஸில் என்ன சொல்வது?" என்று முடித்திருந்தார். இதே குழப்பத்தோடு வேறு சிலரும் எழுதியிருக்கிறார்கள். தினம் ஒன்று செய்யும் சவாலையும் சேர்த்தால் ஐந்து வகை. இவற்றில் நான்கை நானே செய்து பார்த்தவன். ஐந்தாவதைச் சின்ன வயதில் வீட்டுக்குள்ளிருந்து பார்த்தவன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

## முதலில் எடைக்கற்கள்

சவாலின் பெயர், நாள் கணக்கு, அதை முடித்தவர்களின் முன்-பின் புகைப்படங்கள், இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு நான் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: ஒரு நாள் தவறிவிட்டால் என்ன விதி? அறுபது நாள், எழுபது நாள் என்று போகும் எதிலும் காய்ச்சல் வரும், துக்கம் வரும், பிள்ளைக்குப் பரீட்சை வரும், மார்ச் மாதக் கணக்கு முடிப்பு வரும். தவறாத நாட்களைப் பற்றி எல்லாச் சவால்களும் ஒரே மாதிரிதான் பேசுகின்றன. தவறிய நாளில்தான் அவற்றின் குணம் தெரிகிறது.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் அவர் குழுவினரும் 96 பேரை 12 வாரம் தொடர்ந்து கவனித்தார்கள். தினமும் ஒரு சின்ன வேலை, உதாரணமாக மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம். அது யோசிக்காமலே செய்யும் பழக்கமாக எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். நடுவாக 66 நாள் என்று வந்தது. இந்த 66 ஊரெல்லாம் பரவிவிட்டது. ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசப்பட்டது என்பதும், நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பழக்கம் படிவதில் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கின்றன. இந்தக் கடைசி விஷயம் போஸ்டரில் போட வசதிப்படாததால் அங்கேயே தங்கிவிட்டது போலிருக்கிறது.

அடுத்த கேள்வி: இந்தச் செலவை வீட்டில் யார் கொடுக்கிறார்கள்? நான் மாடியில் நடந்த 45 நிமிடம் எங்கிருந்தோ வந்தது. மகளின் வீட்டுப்பாடம், பாத்திரம் கழுவுவது, அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது எல்லாம் அந்த நேரத்தில் வேறொருவர் கைக்குப் போனது.

மற்ற மூன்றும் சுருக்கமாக. விதி நம் விருப்பத்தில் பிறந்ததா, யாரோ விதித்ததா? பளு நம் சக்திக்கு ஏற்பக் கூடுகிறதா, முதல் நாளும் கடைசி நாளும் ஒரே பளுவா? எல்லாம் முடிந்த மறுநாள் காலை கையில் என்ன மிச்சம்?

## 75 ஹார்ட்

அமெரிக்கத் தொழிலதிபர் ஆண்டி ஃப்ரிசெல்லா 2019இல் கொண்டுவந்தது. உடற்பயிற்சித் திட்டம் என்றல்லாமல் மன உறுதிக்கான பயிற்சி என்றே அவர் இதைச் சொல்கிறார். தினமும் 45 நிமிடப் பயிற்சி இரண்டு முறை, அதில் ஒன்று கட்டாயம் திறந்த வெளியில். ஏதாவதொரு உணவுக் கட்டுப்பாடு, விதிவிலக்கே இல்லாமல். மது கூடாது. ஒரு கேலன், அதாவது ஏறக்குறைய 3.8 லிட்டர் தண்ணீர். கதையல்லாத புத்தகத்தில் 10 பக்கம். உடம்பை ஒரு புகைப்படம். 75 நாள். எதில் ஒன்று விட்டாலும், 74ஆம் நாளானாலும், மறுபடி முதல் நாள்.

இதில் ருசி இல்லாமல் இத்தனை பேர் இறங்கவில்லை. இதே அச்சில் வார்த்த எங்கள் குழுச் சவாலின் முதல் பத்து நாள் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. காலையில் எழுந்ததும் போவதா வேண்டாமா என்று மனசுக்குள் நடக்கும் பஞ்சாயத்து நின்றுபோனது. 22 நாளில் 220 பக்கம் படித்தேன். அதற்கு முந்தைய வருஷம் முழுக்க அவ்வளவு படிக்கவில்லை. முடிவெடுத்தே களைத்துப்போன ஆளுக்குக் கடுமையான விதி ஒரு ஓய்வு மாதிரி.

விலைக்கு வருவோம். இரண்டு வேளைப் பயிற்சி மட்டும் 75 நாளில் 112 மணி நேரத்தைத் தாண்டும். குளியல், துணி மாற்றுவது, வாசிப்பு, தனிச் சமையல் எல்லாம் சேர்ந்தால் தினம் இரண்டரை மணி நேரம் போய்விடும். ஒருவர் மட்டும் வேறு சாப்பாடு சாப்பிடும் வீட்டில் அடுப்படி வேலை எவ்வளவு கூடும் என்பதை அடுப்படியில் நிற்பவரைக் கேட்டால்தான் தெரியும்.

தண்ணீர் விஷயத்தில் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ராத்திரி ஒன்பது மணிக்கு ஒன்றரை லிட்டர் பாக்கி இருக்கிறதென்று மடமடவென்று குடித்திருக்கிறேன், ஒரு தடவை இல்லை, பல தடவை. குறைந்த நேரத்தில் அளவு மீறித் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் சோடியம் தாழ்ந்துபோகும், அது ஆபத்து என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சிறுநீரகம், இதயம், ரத்த அழுத்தம் என்று மருந்தில் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்த விதியைத் தொடவே கூடாது. சாப்பாட்டோடு ஏற்கெனவே சண்டையில் இருப்பவர்களுக்கு, உடம்பைத் தினம் படமெடுத்துப் பார்க்கும் விதியும் நல்லதல்ல.

இனி, தவறிய நாள். 1975இல் பீட்டர் ஹெர்மன், டெபோரா மேக் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சிலருக்கு மில்க்‌ஷேக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. பிறகு எல்லோருக்கும் ருசி பார்க்க ஐஸ்கிரீம், வேண்டிய அளவு. சாதாரணமாகச் சாப்பிடுபவர்கள் மில்க்‌ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் வாயைக் கட்டுபவர்களோ, மில்க்‌ஷேக் குடித்த பிறகுதான் அதிகமாகச் சாப்பிட்டார்கள். கட்டுப்பாடு எப்படியும் உடைந்துவிட்டது, இனி என்ன என்ற எண்ணம். இதற்கு உளவியலில் என்ன பெயர் வைத்தாலும், முழுக்க நனைந்தபின் முக்காடு எதற்கு என்று நம் ஊரில் ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறார்கள். பூஜ்யத்துக்குத் திரும்பு என்ற விதி, பாதி நனைந்தவனையும் முழுக்க நனைந்தவனாக்கிவிடுகிறது. என் ஆறு மாத ஸ்கூட்டர் கதைக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

பொருந்துவது யாருக்கு? ஏற்கெனவே நல்ல உடற்பயிற்சிப் பழக்கம் உள்ளவர், வீட்டுப் பொறுப்பு குறைவாக உள்ளவர், வேலை மாற்றத்துக்கு நடுவே இரண்டரை மாதம் தன் கையில் இருப்பவர், கூடவே முதல் நாளுக்குத் திரும்பும்போது சிரிக்கத் தெரிந்தவர். மூன்று வருஷம் ஜனவரியிலேயே விட்டவருக்கு இது மருந்தாகாது. அவருக்குத் தோல்வியில் ஏற்கெனவே நல்ல தேர்ச்சி இருக்கிறது.

## தினம் ஒன்று

முப்பது நாள் தியானம், நூறு நாள் நடை, மொழி ஆப்பில் ஸ்ட்ரீக் (ஒரு நாள் விட்டாலும் அறுந்துபோகும் தொடர் எண்ணிக்கை) என்ற வகை. ஜேக் பார்க்கர் என்ற அமெரிக்க ஓவியர் 2009இல் தொடங்கிய இங்க்டோபர், அக்டோபரின் 31 நாளும் மையில் தினம் ஒரு படம், இதில் நல்ல மாதிரி. செலவு குறைவு, வீட்டில் யாருக்கும் தொந்தரவு இல்லை, கை ஓடும். சித்திரமும் கைப்பழக்கம்தானே.

நானும் ஒரு மாதம் தினம் ஒரு படம் வரைந்தேன். ஒன்பதாம் நாள் எதிர்வீட்டு மாடிக் கம்பிகளின் நிழலை வரைந்தது இன்னும் என் மேஜைக்கு மேலே ஒட்டியிருக்கிறது. பதினேழாம் நாள் ராத்திரி 11.50க்குக் காபி டம்ளரை இரண்டு கோட்டில் கிறுக்கிப் போட்டோ எடுத்துப் போட்டேன். அது படமில்லை, வருகைப் பதிவேட்டில் போட்ட கையெழுத்து.

1971இல் எட்வர்ட் டெஸி என்ற உளவியலாளர் மாணவர்களுக்கு ஒரு கனசதுரப் புதிரைக் கொடுத்தார். புதிரை விடுவிக்கப் பணம் வாங்கிய மாணவர்கள், பணம் நின்றபின் ஓய்வு நேரத்தில் அதைத் தொடுவது குறைந்தது. முன்பு விளையாட்டாகச் செய்ததுதான். எண்ணிக்கையும் ஒரு சம்பளம் மாதிரியே வேலை செய்கிறது என்பது என் அனுபவம். எண்ணுவதை நிறுத்தியதும் கையும் நின்றுவிட்டது.

அடிப்படை தெரிந்த, ஆனால் கை துருப்பிடித்துப்போன விஷயத்துக்கு இந்த வகை பொருந்தும். வரையத் தெரிந்தவர், வீணை வாசித்து விட்டவர், எழுதி நிறுத்தியவர். வாரத்தில் ஐந்து நாள் என்று வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

## மாலை போடுவது

இதைச் சுய முன்னேற்றக் கணக்கில் சேர்ப்பது சிலருக்குப் பிடிக்காது. எனக்கும் கொஞ்சம் தயக்கம்தான். நம்பிக்கை இல்லாமல் உடம்பு இளைக்க மாலை போடுவது அபத்தம். ஆனால் கடும் விதிச் சவால் ஒன்றை ஊரே சேர்ந்து வருஷா வருஷம் செய்வதை நாம் பார்த்து வளர்ந்திருக்கிறோம். அதிலிருந்து கற்க நிறைய இருக்கிறது.

என் அப்பா 11 வருஷம் மாலை போட்டவர். கார்த்திகை முதல் தேதி குருசாமி கையால் மாலை. பிறகு 41 நாள் இரண்டு வேளைப் பச்சைத்தண்ணீர்க் குளியல், கறுப்பு வேட்டி, செருப்பு கிடையாது, தரையில் பாய், சைவச் சாப்பாடு, பீடி கிடையாது, கோபம் கூடாது. விதிகளை வரிசையாகப் பார்த்தால் 75 ஹார்டுக்குக் கொஞ்சமும் இளைத்ததில்லை. ஆனால் தெருவில் போகிறவர்கூட "சாமி" என்றுதான் கூப்பிடுவார். சாயங்காலம் பஜனைக்கு இருபது பேர். முடிவில் இருமுடி, மலை, தரிசனம் என்று ஒரு நிறைவு. தனியாக மாடியில் ரெயின்கோட்டோடு நடக்கும் ஆள் அங்கே கிடையாது.

தவறிய நாளுக்கு அங்கே என்ன விதி என்பதை நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது பார்த்தேன். விரதத்தின் முப்பது நாள் தாண்டியிருந்த நேரம், பெரியப்பா இறந்துவிட்டார். அப்பா கோயிலுக்குப் போய் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு நேராகத் துக்க வீட்டுக்கு வந்தார். குருசாமியும் வந்திருந்தார். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம் சாமி" என்றார், அவ்வளவுதான். அப்பா தோற்றுவிட்டார் என்று யாரும் நினைக்கவில்லை. அந்தச் சொல்லே அந்தப் பேச்சில் இல்லை. ரமலான் நோன்பிலும் நோயாளிகளுக்கும் பயணத்தில் இருப்பவர்களுக்கும் விலக்கு உண்டு. விட்ட நோன்பைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். பல நூறு வருஷம் மனிதர்கள் மேல் புழங்கிய விதிகளுக்கு, மனிதனுக்குக் காய்ச்சல் வரும் என்பது தெரிந்திருக்கிறது.

மறைந்திருக்கும் விலை? அம்மா. காலை நாலு மணிக்குக் குளித்து, வேறு பாத்திரத்தில் சமைத்து, வீட்டைத் துடைத்து, அதன்பிறகு எங்கள் மூன்று பேரையும் பள்ளிக்கு அனுப்பினாள். 41 நாளும் அம்மாவுக்கும் விரதம்தான். கழுத்தில் மாலை இல்லை, யாரும் சாமி என்று கூப்பிடவில்லை.

முடிந்த மறுநாள் என்ன மிச்சம் என்ற கேள்விக்கும் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். மலையிலிருந்து வந்து மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே அப்பாவின் சட்டைப்பையில் பீடிக்கட்டு இருக்கும். நிரந்தர மாற்றம் அந்த 41 நாளின் வேலையாக இருந்ததில்லை. அது வருஷத்துக்கு ஒரு முறை தன்னைக் கழுவிக் காயவைப்பது. அதற்காகவே போடுவதென்றால் சரி. பீடியை விடுவதற்காக என்றால் டாக்டரையும் பார்க்க வேண்டும்.

## படிப்படியாக ஏறும் பயிற்சி

இதற்கு என் மாதிரி, கவுச் டு 5கே. ஜோஷ் கிளார்க் என்பவர் 1996இல், ஓடியே பழக்கமில்லாதவர்களை 5 கிலோமீட்டர் ஓடவைக்க வகுத்தது. 9 வாரம், வாரத்துக்கு 3 நாள், ஒவ்வொரு நாளும் அரைமணி சுமாருக்கு. முதல் வாரம் ஐந்து நிமிடம் நடந்து சூடேற்றிய பிறகு, 60 வினாடி ஓட்டம், 90 வினாடி நடை, இப்படி மாற்றி மாற்றி 20 நிமிடம். வாரா வாரம் ஓட்டம் நீளும், நடை குறுகும். இங்கிலாந்தின் தேசிய மருத்துவ சேவை இதை இலவச ஆப்பாகவும் கொடுத்திருக்கிறது.

கணக்குப் பாருங்கள்: 27 நாள், நாளுக்கு அரைமணி, மொத்தம் பதின்மூன்றரை மணி நேரம். 75 ஹார்டின் பயிற்சி நேரத்தில் எட்டில் ஒரு பங்குதான். பிரமிப்பு எதுவும் தராத திட்டம். ஆபீஸில் சொன்னால் யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள்.

நான் தொடங்கியது 41 வயதில், கடற்கரை ஓரத்தில், காலை ஐந்தேகாலுக்கு. அறுபது வினாடி என்பது எவ்வளவு நீளம் என்று எனக்கு அதுவரை தெரியாது. நாற்பதாவது வினாடியில் மூச்சு தொண்டைக்கு வந்துவிட்டது. சுடிதாரும் கேன்வாஸ் ஷூவுமாக ஓர் அம்மா, போனில் யாரிடமோ மாவு புளிக்காத கதையைப் பேசிக்கொண்டே, நடந்து என்னைத் தாண்டிப் போனார். நான் ஓடிக்கொண்டிருந்தேன்!

நாலாவது வாரத்தில் மாட்டிக்கொண்டேன். அந்த வாரப் பயிற்சியை முடிக்க முடியவில்லை. இங்கேதான் இந்த வகையின் விதி எனக்குப் பிடித்துப்போனது: முடியவில்லையா, அதே வாரத்தை மறுபடி செய். பூஜ்யம் கிடையாது. செய்ததெல்லாம் காலில் இருக்கிறது, அதை யாரும் அழிக்க முடியாது. நாலாவது வாரத்தை மூன்று முறை செய்தேன். இடையில் அம்மாவுக்குக் கண்புரை அறுவை, மகளுக்கு அம்மை. 9 வாரம் 15 வாரமாயிற்று. ஐந்தாவது வாரத்தின் மூன்றாம் நாள் திட்டத்தில் ஒரு குறும்பு இருக்கிறது. அதுவரை துண்டு துண்டாக ஓடவிட்டு, அன்றைக்கு மட்டும் 20 நிமிடம் நிற்காமல் ஓடு என்கிறது. பார்த்ததும் சிரித்துவிட்டேன். ஓடி முடித்ததும் சுண்டல் வண்டிக்காரர் அடுக்கி வைத்திருந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் கேட்காமலே உட்கார்ந்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஐந்து நிமிடத்தை நான் எந்தப் போட்டோவிலும் பிடிக்கவில்லை.

இதற்கும் விலை உண்டு. நல்ல ஷூவுக்குக் காசு ஆகும். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலித்தால் அவசரப்பட்டுவிட்டோம் என்று பொருள், இரண்டு நாள் நிறுத்த வேண்டும். ஐந்து மணிக்கு எழ, பத்து மணிக்குப் படுக்க வேண்டும். வீட்டில் மற்றவர்கள் பதினொன்றரைக்குப் படுக்கிறார்கள் என்றால் அது ஒரு தகராறு. மே மாதச் சென்னையில் விடியற்காலையிலும் சட்டையைப் பிழியலாம். அப்புறம் தெரு நாய்கள். நடப்பவரை விட்டுவிடும் நாய் ஓடுபவரை விடுவதில்லை. பாதையை அதற்கேற்ப வைத்துக்கொள்ள வேண்டும். நாற்பதைத் தாண்டியவர்களும் சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களும் ஒரு முறை மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

முடித்த பிறகு வரும் சிக்கலை யாரும் சொல்வதில்லை. 5 கிலோமீட்டர் ஓடியாயிற்று, அடுத்து? பத்து, இருபத்தொன்று, கையில் வேகம் காட்டும் கடிகாரம். நானும் கடிகாரம் வாங்கினேன். இரண்டே மாதத்தில் கடலைப் பார்ப்பது நின்று, மணிக்கட்டைப் பார்ப்பது தொடங்கியது. இப்போது அது மேஜை டிராயரில் சார்ஜ் இல்லாமல் கிடக்கிறது.

## வகுப்பில் சேர்வது

மாநகராட்சி மைதானத்தின் ஓரத்தில், வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் சிலம்பம். கற்பவர்கள் பதினாலு பேர். எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள், ஒரு கல்லூரிப் பெண், நான். முதல் மாதம் கம்பையே தரவில்லை, காலடி மட்டும். தந்த பிறகு முதல் வாரத்தில் என் காதில் நானே அடித்துக்கொண்டேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாற்பது வயதுக்கு மேல் நம்மைப் பார்த்துச் சிரிக்க ஆளிருக்கும் இடம் எத்தனை இருக்கிறது?

டெஸியும் ரிச்சர்ட் ரயனும் பின்னால் வகுத்த கோட்பாட்டில், ஒரு காரியம் உள்ளிருந்து இனிக்க மூன்று வேண்டும் என்கிறார்கள்: தன் விருப்பம், கைகூடிவரும் தேர்ச்சி, கூட இருக்கும் மனிதர்கள். தனியாகச் செய்யும் சவால்களில் மூன்றாவது பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. வாட்ஸாப் குழுவில் தினம் டிக் போடுவதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

அம்மாவின் இன்னொரு கண்ணுக்கு அறுவை நடந்தபோது 11 நாள் வகுப்புக்குப் போகவில்லை. பன்னிரண்டாம் நாள் தயங்கித் தயங்கிப் போனேன். ஆசான் காரணம் கேட்கவில்லை. சுவரோரம் சாய்த்திருந்த கம்புகளைத் தாடையால் காட்டினார். ஒன்பது வயதுப் பையன் ஒருவன் ஓடிவந்து, "அங்கிள், நீங்க வராதப்ப புது வீச்சு ஒண்ணு சொல்லிக் குடுத்தாரு. வாங்க, நான் காட்றேன்" என்றான். தவறிய நாளுக்கான விதி அங்கே அவன்தான்.

குறைகள் இல்லாமலில்லை. நேரம் நம் கையில் இல்லை. ஆறு மணி என்றால் ஆறு மணி. மாதக் கட்டணமும் போக்குவரத்தும் உண்டு. வளர்ச்சி மெதுவாகத்தான் தெரியும், எடை குறைந்ததா என்று கேட்டால் என்னிடம் பதிலில்லை. எல்லாவற்றையும்விட, ஆசிரியர் சரியில்லாவிட்டால் எல்லாம் போயிற்று. இதற்கு முன்னால் வேறொரு வகுப்பில் (எது என்று வேண்டாம்) பெரியவர்களையும் திட்டித்தான் கற்றுக்கொடுப்பேன் என்று ஒருவர் இருந்தார். மூன்றாம் நாளோடு நின்றுவிட்டேன். பணம் கட்டும் முன் ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். தப்பாகச் செய்த பிள்ளையை அவர் என்ன செய்கிறார் என்று பார்த்தால் போதும்.

## ஒரே பார்வையில்

| | தவறிய நாளுக்கு விதி | தினசரி நேரம் | விலை கொடுப்பவர் | முடிந்தபின் மிச்சம் |
|---|---|---|---|---|
| 75 ஹார்ட் | முதல் நாளுக்குத் திரும்பு | இரண்டரை மணி வரை | வீட்டில் எல்லோரும் | தன்னம்பிக்கை, அல்லது பெரிய இடைவெளி |
| தினம் ஒன்று | எண்ணிக்கை அறும் | 10–30 நிமிடம் | பெரும்பாலும் நாம் மட்டும் | ஓடிப் பழகிய கை |
| மாலை, விரதம் | கழற்றி வை, அடுத்த வருஷம் | நாள் முழுக்க | சமைப்பவர் | மன நிறைவு. பழக்கம் நிச்சயமில்லை |
| படிப்படிப் பயிற்சி | அதே வாரத்தை மறுபடி செய் | வாரத்தில் 3 நாள், அரைமணி | தூக்கம், முழங்கால் | அழியாத திறன் |
| வகுப்பு | திரும்பி வா | வாரத்தில் 2–3 மணி | கட்டணம், சாயங்காலம் | திறனும் ஆட்களும் |

## கடிதத்துக்குப் பதில்

ஏழு பேரோடு சேர வேண்டாம் என்பது என் கருத்து. 75 ஹார்ட் கெட்டது என்பதால் சொல்லவில்லை. உங்கள் மூன்று ஜனவரிகளைப் பார்த்தால், உங்களுக்கு வேண்டியது தவறிய பிறகு திரும்பி வரும் பழக்கம். அதை மட்டும் அந்தச் சவால் கற்றுத்தராது. ஆபீஸ் நட்புக்காகச் சேர்ந்தே ஆக வேண்டுமென்றால், வாரத்துக்கு ஒரு நாள் விடுப்பு, காய்ச்சல் நாளுக்குக் கணக்கில்லை என்று இரண்டு விதியை முன்கூட்டியே எழுதி ஒட்டிவிட்டுச் சேருங்கள். அப்போது அது 75 ஹார்ட் இல்லை என்பார்கள். இல்லைதான்.

தங்கை சொல்லும் ஓட்டமா, மனைவி சொல்லும் வகுப்பா என்றால், உங்களுக்குத் தனிமை பிடிக்குமா என்பதைப் பொறுத்தது. நாள் முழுக்க மீட்டிங்கில் பேசிக் களைப்பவர் என்றால் விடியற்காலை ஓட்டம். நாள் முழுக்கத் திரையோடு மட்டும் பேசுபவர் என்றால் வகுப்பு. உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் இரண்டாவது ரகம் என்று தோன்றுகிறது, தப்பாகவும் இருக்கலாம். வகுப்பை முடிவு செய்வதற்கு முன் மனைவியிடம், எந்த மூன்று சாயங்காலத்தைத் தருவாய் என்று கேளுங்கள். வாரத்தில் எந்த மூன்று மணி நேரத்தை அவருக்கு நீங்கள் திருப்பித் தருவீர்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். என் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் காலை முழுக்க அடுப்படி என் பொறுப்பு. ரெயின்கோட் இரவைப் பற்றி மனைவி இப்போதும் அவ்வப்போது கிண்டல் செய்கிறாள், ஆனால் கம்பு எங்கே என்று கேட்டு எடுத்துக் கொடுப்பதும் அவள்தான்.

அப்பாவிடம், கார்த்திகைக்கு இன்னும் நாளிருக்கிறது என்று சொல்லுங்கள். மாலை போடுவதென்றால் காலை நாலு மணிச் சமையல் யார் என்பதையும் அவரோடு பேசிவிடுங்கள்.

கடைசியாக, தோற்றால் ஆபீஸில் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். துக்க வீட்டுத் திண்ணையில் குருசாமி சொன்ன மாதிரிதான் சொல்ல வேண்டும், அதே குரலில்: "மாலையைக் கழட்டிட்டேன் சாமி. அப்புறம் பாத்துக்கலாம்." சொல்லிவிட்டு டீ சாப்பிடப் போகலாம்.